கயிறு பிடித்த மச்சான்

சும்மா இருப்பதை ஒரு வேலையாகவே செய்த மனிதரை நான் திரேஸ்புரத்தில்தான் பார்த்தேன். காலையில் குளித்துவிட்டு, ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலியை உள்ளறை நிலைப்படியை ஒட்டிப் போட்டு உட்கார்வார். அவ்வளவுதான், அன்றைய பொழுது தொடங்கிவிட்டது. பேப்பர் படிக்க மாட்டார். டிவி போட மாட்டார். போன் சட்டைப்பையில் இருக்கும். அடித்தால் எடுத்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு மறுபடி உள்ளே போட்டுக்கொள்வார். பீடி, வெற்றிலை எதுவும் கிடையாது. நான் வெற்றிலை விளைகிற ஆத்தூர்க்காரி. வெற்றிலை போடாத ஆம்பிளையை எங்கள் ஊரில் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். இவரைச் சந்தேகப்படவும் மனசு வராது, அவ்வளவு அடக்கமாக உட்கார்ந்திருப்பார்.

இடது மணிக்கட்டில் மெல்லிய நைலான் கயிறு ஒன்று சுற்றியிருக்கும். அதன் மறுமுனை உள்ளறைக் கட்டிலில் படுத்திருந்த சேவியரின் கையில் இருக்கும். சேவியர், இவருடைய தங்கை ஜெசிந்தாவின் புருஷன். சங்கு குளிக்கப் போன இடத்தில் ஏற்பட்ட விபத்தில் இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனவர். தண்ணீர் வேண்டுமென்றாலும், புரண்டு படுக்க வேண்டுமென்றாலும் கயிற்றை இழுப்பார், இவர் எழுந்து உள்ளே போவார். வாயால் கூப்பிட்டாலே கேட்கிற தூரம்தான். சேவியரும் பாதி நேரம் கயிற்றை மறந்துவிட்டு "மச்சான்" என்றுதான் கத்துவார். அதைக் கேட்டுக் கேட்டுத் தெருவே இவரை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. நான் மட்டும் அண்ணாச்சி என்பேன்.

அவர்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய பக்கத்து வீட்டுக்கு நான் குடிவந்தது கல்யாணமான புதிதில். என் வீட்டுக்காரர் படகு எஞ்சின் சாமான் கடை வைத்திருந்தார். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். பிறந்த வீட்டில் எப்போதும் பத்துப் பேர் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள். இங்கே நானும் நாலு சுவரும். பொழுது போகாமல் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது. ஆரி வேலை கற்றுக்கொண்டேன், ஒரு ஜாக்கெட்டின் வலது கையோடு அலுத்துவிட்டது. கேக் செய்யப் பழகினேன். மக்ரூனுக்குப் பேர்போன ஊரில் என் கேக்கை யார் சீந்துவார்கள்? மொட்டைமாடியில் தக்காளி வைத்தேன், உப்புக்காற்று அதன் கதையை முடித்தது. இப்படி ஒவ்வொன்றாகப் பிடித்து ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்த எனக்கு, எதையுமே பிடிக்காமல் ஒருத்தர் உட்கார்ந்திருப்பது பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அண்ணாச்சி, உங்களுக்குப் போரடிக்கலையா?"

"அடிக்கும்."

"பெறகு?"

"அடிக்கட்டும்யம்மா."

நான் வீட்டுக்கு வந்து பாதியில் விட்ட ஜாக்கெட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் எழுந்திருக்க முடியாத மனிதருக்குப் பொழுது போதவில்லை. சேவியர் மல்லாந்து கிடந்தபடியே போனில் யார் யாருடனோ செஸ் ஆடுவார். ஜெபமாலை கோப்பார். ஊசி நூல் கேட்டு வாங்கித் தலையணைக்குப் பூவேலை போடுவார், அதுவும் என்னைவிட நன்றாக. எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் பக்கம் காற்று சரியாக இருந்தால் கேட்கும் இலங்கை ரேடியோவை வைத்துச் சிங்களம் கற்றுக்கொண்டிருந்தார். "அந்தப் பக்கம் ஒதுங்குனா நேவிக்காரங்கிட்ட பேசணும்லா?" என்பார். கட்டிலைவிட்டு இறங்க முடியாத ஆள் எந்தப் பக்கம் ஒதுங்கப் போகிறார் என்று நான் கேட்டதில்லை. அவர் சிரிக்கும்போது நமக்கும் சிரிப்பு வந்துவிடும்.

ஜெசிந்தா காலையில் இறால் கம்பெனி வேனில் போனால் சாயங்காலம்தான் வருவாள். அப்படிப்பட்ட ஒரு மத்தியானம், அண்ணாச்சி குழாயடிக்குப் போயிருந்த சமயம் பார்த்து சேவியர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"யக்கா, நீங்க தெனமும் புதுசு புதுசா ஏதாவது கத்துக்கிடுதியள்லா. எங்க மச்சானுக்கும் ஒண்ணு பாத்துக் குடுங்க. அவன் மொகத்தப் பாத்துக்கிட்டு என்னால கெடக்க முடியல."

"கேட்டா அடிக்கட்டும்ங்காவ."

"அப்படித்தான் சொல்லுவான். அவன் அவனுக்கே தண்டன குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கான். எனக்குக் காலு போனது ஒரு கஷ்டம்னா, இவன் இப்படிக் குத்த வச்சது மாதிரி உக்காந்திருக்கது அதவிடக் கஷ்டம். ஒருநா, ஒரே ஒருநா, அவன் என்ன மறந்துட்டு ஒரு வேலையில கெடக்கணும். அதப் பாத்துட்டன்னா போதும்."

பிறகு அந்த மீன் கதையைச் சொன்னார்.

கடலில் சங்கு குளிப்பவன் கீழே இருக்கும்போது, அவன் இடுப்புக் கயிற்றை மேலே படகில் ஒருத்தர் பிடித்திருக்க வேண்டும். காற்று அனுப்பும் கம்ப்ரசர் வந்து, வாயில் டியூபை வைத்துக்கொண்டு இறங்குகிற காலத்திலும் இது மாறவில்லை. அந்தக் கயிற்றைக் கண்டவனிடமும் கொடுக்க மாட்டார்கள். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது என்று நினைத்துப் பிடிப்பான் என்பது கணக்கு. அண்ணாச்சி அப்படித்தான் வருஷக்கணக்காகப் பிடித்திருக்கிறார். கையில் கயிறு, காதில் எஞ்சின் சத்தம், சுற்றிலும் தண்ணீர், வேறொன்றும் கிடையாது. அதைவிடப் போரடிக்கிற வேலை உலகத்தில் இருக்காது. எல்லோரும் செய்வதுபோல இவரும் ஒரு தூண்டிலைச் சும்மா போட்டு வைப்பார்.

விபத்து நடந்த அன்றைக்குத் தூண்டிலில் ஒரு பாரை மீன் விழுந்தது. சாதாரண மீன் இல்லை, படகையே இழுக்கிற மீன். கயிற்றைக் காலடியில் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் தூண்டிலைப் பிடித்திருக்கிறார். கீழே டியூப் எங்கோ மடங்கி சேவியருக்குக் காற்று நின்றிருக்கிறது. அவர் கயிற்றை இழுத்திருக்கிறார். மேலே காலடியில் கயிறு ஊர்ந்தது, மீன் ஆட்டுகிற ஆட்டத்தில் படகு அசைகிறது என்று இவர் நினைத்துக்கொண்டார். சேவியர் சங்குப் பையைப் போட்டுவிட்டு ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டார். அப்படி வரக் கூடாது, வந்தால் கைகால் விளங்காமல் போகும், நின்று நின்றுதான் வர வேண்டும் என்று அவருக்கும் தெரியும். மூச்சில்லாதபோது யார் நிற்பார்கள்?

"ஏறி வந்து அவன ஏசணும்னுதாங்க்கா வாயத் தெறந்தேன். பாத்தா, மீனு பாதி படகுல, பாதி தண்ணில. அப்படி ஒரு மீன நான் பாத்ததே இல்ல. நானும் போயி இழுத்தேன். ரெண்டு பேரும் சேந்து உள்ள போட்டுட்டு, அது மேலயே விழுந்து சிரிச்சோம். கர தெரிஞ்ச பெறகு எந்திரிக்கப் பாக்கேன், காலக் காணும்."

இதைச் சொல்லும்போதும் சேவியர் சிரித்தார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. புறவாசலில் குடம் வைக்கிற சத்தம் கேட்டதும் அவர் சட்டென்று பேச்சை மாற்றி, சிங்களத்தில் ஒன்று இரண்டு மூன்று எண்ண ஆரம்பித்தார்.

அதன் பிறகு அண்ணாச்சியைப் பார்க்கும் பார்வையே எனக்கு மாறிவிட்டது. முன்பு கண்ணில் படாததெல்லாம் பட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே தலை ஒரு பக்கமாகச் சாயும், ஏதோ கேட்பதுபோல. மாதா கோவிலில் பூசை நேரத்தில் எல்லோரும் கைகூப்பி நிற்க, இவர் இடது கையை மட்டும் பாதி மூடி விலாவோடு வைத்திருப்பார், கயிறு அங்கே இல்லாதபோதும். தெருப் பிள்ளைகள் பட்டம் விடும்போது ஒருதடவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பட்டம் ஏற ஏற முகத்தில் சிரிப்பு வர ஆரம்பித்தது. அது முழுதாக வருவதற்குள் பதறிப்போய் உள்ளே ஓடினார். சேவியர் உள்ளே நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

நான் கேரம் போர்டு கொண்டுபோனேன். நாலு காய் போட்டார், ஐந்தாவதைக் குறி பார்க்கும்போது எழுந்துவிட்டார். பூ கட்டக் கொடுத்தேன், ஒரு முழம் வரைக்கும் வந்து நிறுத்தினார். எதிலும் திறமை இல்லாமல் விட்டவர் இல்லை. நான் ஒரு வேலையை விடுவது அது அலுக்கும்போது. அவர் விடுவது அது பிடிக்க ஆரம்பிக்கும்போது. "மனசு ஒண்ணுல போச்சுன்னா கை மறந்துரும்யம்மா" என்றார் ஒருநாள், பூச்சரத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தபடி. பூவைப் பார்த்தால் என்னைவிட நெருக்கமாகக் கட்டியிருந்தார்.

கடைசியில் வழி கண்டுபிடித்தது சேவியர்தான். டிசம்பர் மாதம் பிறந்ததும், கிறிஸ்துமஸ் குடில் தன் கட்டிலிலிருந்து பார்க்கிற மாதிரி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கடையில் விற்கிற குடில் ஆகாதாம். குடிலுக்கு முன்னால் கடல் வேண்டுமாம், அலை அடிக்க வேண்டுமாம், அதில் ஒரு வள்ளம் ஆட வேண்டுமாம்.

"பெத்லகேம்ல ஏதுலே கடலு?" என்றார் அண்ணாச்சி.

"நம்ம தெருவுல பொறந்தார்னா கடலு இருக்கும்லா மச்சான்? நான் வேற யாருகிட்டப் போயி கேக்க?"

மறுக்க முடியவில்லை. சேவியர் கேட்ட எதையும் அவர் மறுத்ததில்லை. சேவியரும் அது தெரிந்துதான் கேட்டார். தெர்மாகோல், வண்ணத் தாள், புல்லுக்காகத் தட்டில் முளைக்கப் போட்ட கம்பு எல்லாம் வந்து சேர்ந்தன. நீல பிளாஸ்டிக் விரிப்புதான் கடல். அது அசைய வேண்டும். பழைய டேபிள் ஃபேன் மோட்டார் ஒன்றை என் வீட்டுக்காரர் கொடுத்தார். சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பிகளை வளைத்து மோட்டாரோடு கோத்து, விரிப்புக்கு அடியில் ஓடவிட்டால் கம்பியின் வளைவு மேலே வரும்போது அலை எழும், கீழே போகும்போது அடங்கும். சொல்வது சுலபம். முதலில் கடல் துடித்தது. பிறகு ஒரே பக்கமாகச் சுருண்டது. பிறகு வள்ளம் கவிழ்ந்தது. அண்ணாச்சி முதல் சில நாட்கள் ஒரு கம்பி வளைப்பார், ஒருநடை உள்ளே போய்ப் பார்ப்பார், வந்து அடுத்த கம்பி வளைப்பார். பிறகு இரண்டு கம்பிக்கு ஒருநடை என்றானது. அந்தக் கடல் அவரை மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது எனக்குச் சுவர் வழியாகவே தெரிந்தது. சுத்தியல் சத்தம் நிற்கிற இடைவெளி நாளுக்கு நாள் தள்ளிப்போனது. என் வேலையை விட்டுவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் புறவாசலிலிருந்து பாட்டுக் கேட்டது. பழைய சினிமாப் பாட்டு. சுருதியும் கிடையாது, வரியும் பாதிதான் சரி. ஆனால் நெஞ்சைத் திறந்து பாடினார். அந்த வீட்டுக்குள்ளிருந்து அப்படிச் சத்தம் வந்து நான் கேட்டதே இல்லை. எட்டிப் பார்த்தேன். நீல விரிப்பு மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது. வள்ளம் அதன்மேல் ஒழுங்காக ஆடியது. அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஒரு கம்பியைத் திருத்திக்கொண்டிருந்தார். உள்ளறையிலிருந்து நீளமாக விட்டிருந்த கயிறு இடது மணிக்கட்டில் தொய்ந்து கிடந்தது. நான் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் காட்டாமல் திரும்பி வந்தேன்.

சாயங்காலம் கம்பெனி வேன் தெருமுனையில் நின்றது. கொஞ்ச நேரத்தில் ஜெசிந்தாவின் அலறல் கேட்டது. ஓடினேன். சேவியர் கட்டிலிலிருந்து வழுக்கி சிமெண்டுத் தரையில் கிடந்தார். தண்ணீர்ச் செம்பை எட்டிப் பிடிக்கப் பார்த்து, போர்வையோடு சேர்ந்து கீழே இறங்கியிருக்கிறார். ஒரு கன்னம் தரையில் ஒட்டியிருந்தது. உதடு காய்ந்துபோயிருந்தது. மத்தியானத்திலிருந்து அப்படியே கிடந்திருக்கிறார். புறவாசலில் பாட்டு இன்னும் நிற்கவில்லை.

அலறலைக் கேட்டு அண்ணாச்சி கையில் கம்பியோடு வந்து நிலைப்படியில் நின்றார். ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள்.

"மறுபடியுமாண்ணே?"

விபத்து நடந்த நாளிலிருந்து அவள் அண்ணனை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சேர்த்து வைத்ததெல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்துவிட்டது. வந்த மறுநொடியே அவளுக்கும் தெரிந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

சேவியர் தரையில் கிடந்தபடியே கத்தினார். "ஏளா, அவன ஏண்டி சொல்லுத? நான் கூப்பிடவே இல்ல! கயிறு என் கையிலதான் இருக்கு, பாரு. இழுக்கல. அவன் பாடிக்கிட்டு இருந்தான். நான் எதுக்கு இழுக்க?"

கயிறு அவர் கையில்தான் இருந்தது, விரல்களில் சுற்றியபடி. அவரைத் தூக்கிப் படுக்க வைக்கும்போது அதை அவிழ்த்தது நான்தான். "நல்லா இருந்துச்சுக்கா. தரகூட நல்ல குளிர்ச்சி" என்று என் காதருகில் சொன்னார். அண்ணாச்சி அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. புறவாசலுக்குப் போய் மோட்டாரை நிறுத்தினார். கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி நேராக்கி, கட்டாகக் கட்டி, குப்பை வண்டிக்குப் போட்டார். அந்த வருஷம் ஜெசிந்தா ஒரு முக்காலியில் பாலன் சொரூபத்தை வைத்துச் சீரியல் பல்பு சுற்றியதோடு கிறிஸ்துமஸ் முடிந்தது.

பிறகு நாற்காலி நிலைப்படியில்கூட இல்லை, கட்டிலுக்குப் பக்கத்திலேயே போய்விட்டது. சேவியர் கெஞ்சிப் பார்த்தார். ஏசிப் பார்த்தார். சிங்களத்தில்கூட ஏசினார். "நீ பாடுனத நான் கேட்டுக்கிட்டு கெடந்ததுதாம்லே எனக்கு நல்ல நாளு" என்று அழுதிருக்கிறார். அண்ணாச்சி அவர் முகத்தைத் துடைத்துவிடுவார்.

ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் சேவியர் போய்விட்டார். படுக்கைப் புண்ணில் தொடங்கிய காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சில நாள், அவ்வளவுதான். அவர் விழுந்த அந்த நாளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னதை ஜெசிந்தா அண்ணனிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். நானும் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மாதக்கணக்காக, மடித்து வைத்த மெத்தைக்குப் பக்கத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த வீட்டுக்குள் போகவே பயமாக இருந்தது. ஆள் இல்லாத கட்டிலை ஒருத்தர் அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வதை எத்தனை நாள் பார்க்க முடியும்?

"எல்லாம் நான் சொன்ன ஒரு சொல்லுதாங்க்கா" என்பாள் ஜெசிந்தா, வேனுக்குக் காத்து நிற்கும்போது. "அத எப்படித் திருப்பி வாங்க?"

திருப்பி வாங்க அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான். அடுத்த டிசம்பர் வந்ததும் கம்பெனியிலிருந்து வரும் வழியில் தெர்மாகோல், நீல விரிப்பு, சைக்கிள் கடையில் ஒரு கட்டு கம்பி எல்லாம் வாங்கி வந்து, அண்ணன் காலடியில் வைத்துவிட்டுச் சமைக்கப் போனாள். ஒரு வாரம் அவை வைத்த இடத்திலேயே கிடந்தன.

பிறகு ஒரு மத்தியானம், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டுக் கேட்டது. அதே பாட்டு, அதே தப்பு வரிகள். ஆனால் இந்தத் தடவை புறவாசலிலிருந்து வரவில்லை. கையிலிருந்ததைப் போட்டுவிட்டுப் போனேன். கதவு திறந்திருந்தது. அண்ணாச்சி உள்ளறையில், வெறும் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கம்பிகள். பாடுவார், வளைப்பார், சட்டென்று நிறுத்தித் தலையைச் சாய்த்துக் கட்டில் பக்கம் காது கொடுப்பார். கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். பிறகு விட்ட இடத்திலிருந்து பாடுவார். நான் நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனேன்.

"அண்ணாச்சி..."

"மெதுவாப் பேசுங்கம்மா" என்றார், நிமிராமல். அந்த முகத்தில் பட்டம் பார்த்த அன்று பாதியில் நின்ற சிரிப்பு முழுதாக வந்திருந்தது. "அவன் இன்னும் கூப்பிடல. கூப்பிட்டா போயிக்கிடலாம். அதுவரைக்கும் இத முடிப்போம். இந்தக் கம்பி நுனியக் கொஞ்சம் பிடிங்க."

நான் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.